மணிக்கணக்கும் வீட்டுக்கணக்கும்

போனில் வருகிற முதல் கேள்வி எப்போதும் இதுதான்: "எத்தனை ஹவர்ஸ் ஓடியிருக்கு சார்?" விற்கிறவரும் அதற்குத் தயாராகவே இருப்பார். "எண்ணூறுதான் சார். வீட்ல யாரும் பாக்கறதே இல்ல." பழைய கார் வாங்கப் போகிறவர் கிலோமீட்டரைக் கேட்கிற பழக்கம் புரொஜெக்டருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பழைய ஹோம் தியேட்டர் புரொஜெக்டர்களை வாங்கி, திறந்து, துடைத்து, விற்றுப் பிழைக்கிறவன் நான். அந்த எண்ணுக்கு நான் கொடுக்கிற மதிப்பு ரொம்பக் கொஞ்சம். மெனுவுக்குள் போய் 'லேம்ப் ரீசெட்' என்பதை அமுக்கினால் அது பூஜ்யமாகிவிடும். புது லேம்ப் போட்டதும் அமுக்குவதற்கென்று வைத்த வசதி அது. லேம்ப் போடாமலும் அமுக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

என் இடம் சென்னை ரிச்சி தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. அக்கம்பக்கத்தில் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, கொஞ்சம் தள்ளி கேசினோ தியேட்டர். மீரான் சாகிப் தெருவில் ஒரு காலத்தில் சினிமா விநியோகஸ்தர்களின் ஆபீசுகள் இருந்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் வந்தபோது ஏரியா முழுக்க கம்ப்யூட்டர், சிசிடிவி, ஸ்பீக்கர்தான். புரொஜெக்டரை வாடகைக்கு விடுகிற கடை ஒன்றில் பையனாகச் சேர்ந்தேன். கல்யாண ரிசப்ஷன், கம்பெனி மீட்டிங், மருந்துக் கம்பெனிகளின் ஓட்டல் கூட்டங்கள். 2011 ஏப்ரல் 2, உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தன்று கடையில் ஒரு மெஷின்கூட மிச்சமில்லை. போன மெஷின் திரும்பி வந்ததும் கழற்றித் துடைப்பது என் வேலை. ஃபில்டரை வெளியே இழுத்தாலே அது எங்கே போய் வந்தது என்று தெரியும். ஜிகினாத்தூள் என்றால் ரிசப்ஷன் மேடை. கார்ப்பெட் பஞ்சு என்றால் ஓட்டல். சிவப்பு மண் என்றால் ஏதோ ஊர்த் திருவிழா. பின்னால் சொந்தமாகப் பழைய மெஷின் வாங்க ஆரம்பித்தபோது எனக்கிருந்த படிப்பு இதுதான்.

அதனால் வீட்டுக்குப் போகாமல் நான் மெஷின் வாங்குவதில்லை. கூரியரில் அனுப்புகிறேன், கடைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்வார்கள். வேண்டாம், நானே வருகிறேன் என்பேன். மரியாதைக்காக என்று நினைத்துக்கொள்வார்கள். மாட்டியிருந்த இடத்தைப் பார்க்கத்தான் போகிறேன்.

உள்ளே நுழைந்ததும் சமையல்கட்டு எங்கே என்று பார்ப்பேன். இப்போதைய அடுக்குமாடிகளில் அடுப்புக்கும் ஹாலுக்கும் நடுவில் சுவர் கிடையாது. தினம் இரண்டு வேளை தாளிக்கிற எண்ணெய்ப் புகையை மெஷினின் விசிறி உள்ளே இழுக்கும். வெறும் தூசியை ஊதி எடுத்துவிடலாம். எண்ணெயோடு சேர்ந்த தூசி பிசினாகிவிடும், ப்ளோயர் அடித்தால் அசையாது. அடுத்தது பூஜை அலமாரி. கற்பூரம், சாம்பிராணி, வெள்ளிக்கிழமை தூபம். லென்சுக்கு உட்பக்கமாக மெல்லிய படலம் படிந்திருக்கும். படம் ஃபோகஸில் இருக்கும், ஆனால் கறுப்பு மட்டும் சாம்பலாகத் தெரியும்.

இதில் இரண்டு ஜாதி மெஷின்களுக்கு இரண்டு விதமான கதை. 3எல்சிடி வகையில் மூன்று எல்சிடி பேனல்களையும் குளிர்விக்கும் காற்று அவற்றின் மேலேயே போகிறது. அதனால்தான் அதற்கு ஃபில்டர் வைக்கிறார்கள். ஃபில்டர் அடைத்தால் சூடு ஏறும். நீல ஒளி போகிற பாதையில் இருக்கும் போலரைசர் முதலில் பழுக்கும், வெள்ளைத் திரையில் மஞ்சள் திட்டாகக் காட்டும். தூசி உள்ளே போய்ப் பேனலில் உட்கார்ந்தால் இருட்டுக் காட்சியில் பச்சையாகவோ நீலமாகவோ ஒரு பூச்சு மிதக்கும். டிஎல்பி வகையில் ஒளிப்பாதை பெரும்பாலும் மூடியே இருக்கும், பல மாடல்களில் ஃபில்டரே கிடையாது. அதற்கு வேறு நோய். சிப்பில் உள்ள லட்சக்கணக்கான நுண் கண்ணாடிகளில் சில அசையாமல் நின்றுவிடும். இருட்டில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். முதலில் ஒன்று இரண்டு, பிறகு வானம் நிறைய நட்சத்திரம். புள்ளி ஒன்று வந்துவிட்டால் மற்றவை பின்னாலேயே வரும் என்று வைத்துக்கொண்டுதான் விலை பேசுவேன்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை பக்கம் போனால் திருகாணிகளைப் பார்ப்பேன். உப்புக்காற்று முதலில் அங்கேதான் கைவைக்கும். திருகில் துரு இருந்தால் உள்ளே கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கும். எச்டிஎம்ஐ கேபிளைக் கொஞ்சம் ஆட்டினால் படம் போய்ப் போய் வரும்.

மேலே சொன்ன "யாரும் பாக்கறதே இல்ல" என்ற பேச்சு எனக்குப் பயத்தைத்தான் கொடுக்கும். சென்னை ஈரத்தில், அட்டைப் பெட்டிக்குள் அலமாரியில் இரண்டு மழைக்காலம் கிடந்த மெஷினைவிட தினமும் ஒரு படம் ஓடிய மெஷின் ஆரோக்கியமாக இருக்கும். சும்மா கிடந்ததன் லென்சில் பூஞ்சை வேர் விட்டிருக்கும். சிலசமயம் எறும்புப் புற்று. பல்லிக்கு இந்த மெஷின் என்றால் கொள்ளை ஆசை. காற்றுத் துவாரத்துக்குள் புகுந்து, கதகதப்பான பவர் போர்டின் மேல் முட்டையிட்டு வைக்கும். முட்டையை எடுத்துப் போட்டால் தீர்ந்தது. பல்லியே உள்ளே இருக்கும்போது சுவிட்சைப் போட்டால் பல்லியும் போகும், போர்டும் போகும்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சந்தைக்கு வந்த சரக்கு தனி ரகம். தரைத்தளத்து வீடுகளில் டிவி, ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர் எல்லாம் மூழ்கிவிட்டன. கூரையில் தொங்கிய புரொஜெக்டர் மட்டும் தப்பித்தது. தண்ணீர் தொடவில்லை என்று அடித்துச் சொன்னார்கள், உண்மைதான். ஆனால் கீழே இடுப்பளவு தண்ணீர் நாள்கணக்கில் நின்ற மூடிய வீட்டின் ஆவி முழுக்க மேலே போய் முட்டியது அந்த மெஷினில்தான். ஓட்டிப் பார்த்தால் ஓடும். ஆறு மாதம் கழித்து போர்டில் கோளாறு வரும். சுவரில் வெள்ளக்கோடு தெரிகிற வீட்டில் பேசாமல் காபி குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். பெயிண்ட் அடித்து மறைத்திருந்தால் கதவு நிலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் போதும்.

எல்லாவற்றையும்விட நான் அதிகமாக விசாரிப்பது கரண்ட்டைப் பற்றி. லேசர் வருவதற்கு முந்தைய மெஷின்களில் எரிவது பாதரச ஆவி லேம்ப். உள்ளே பட்டாணி அளவு குவார்ட்ஸ் குமிழ், அதில் இரண்டு மின்முனைகள், நடுவில் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் சொச்சம். எரியும்போது அந்தக் குமிழுக்குள் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல சுமார் 200 மடங்கு. அணைத்த பிறகும் விசிறி கொஞ்ச நேரம் ஓடுவது அதைக் குளிர்விக்கத்தான். கரண்ட் போனால் விசிறியும் நின்றுவிடும், குமிழ் தன் சூட்டிலேயே வேகும். கரண்ட் உடனே வந்துவிட்டால் இன்னும் மோசம். சூட்டோடும் அழுத்தத்தோடும் இருக்கிற லேம்ப் பற்றாது. மெஷின் ஆயிரக்கணக்கான வோல்ட்டை அனுப்பித் திரும்பத் திரும்பப் பற்றவைக்கப் பார்க்கும். ஒவ்வொரு முயற்சிக்கும் மின்முனை தேயும், லேம்ப்புக்குக் கரண்ட் கொடுக்கிற பலாஸ்ட் அடி வாங்கும்.

2012-ன் மின்வெட்டை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையில் இருந்தவர்களுக்கு ஓரளவு தப்பித்த நினைவு இருக்கும். கோயம்புத்தூர், மதுரை, திருநெல்வேலிக்காரர்களைக் கேளுங்கள், ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். அந்தச் சமயத்தில் மாவட்டங்களில் ஓடிய மெஷின்கள் பின்னால் என்னிடம் நிறைய வந்தன. மீட்டர் ஆயிரத்தைத் தாண்டியிருக்காது, லேம்ப் குமிழ் வெளிறிப் பால் போல இருக்கும். அதனால் இன்வெர்ட்டர் எந்த வகை என்று கேட்பேன். ஸ்கொயர் வேவ் என்றால் விலையில் கொஞ்சம் குறைப்பேன். சைன் வேவ் என்றாலும் மாறுகிற நொடியில் மெஷின் அணைந்து எரிகிறதா என்று மெயினை நிறுத்திப் பார்க்கச் சொல்வேன். புரொஜெக்டருக்கென்று ஒரு கம்ப்யூட்டர் யுபிஎஸ் தனியாக வைத்திருக்கிற வீட்டைக் கண்டால் எனக்கு அந்த மனிதரையே பிடித்துப்போகும். பேரம்கூட அதிகம் செய்ய மாட்டேன்.

என் பையில் எப்போதும் மூன்று சாமான் இருக்கும். ஒரு லக்ஸ் மீட்டர், பென்டிரைவில் சில வெள்ளை, கறுப்பு, கட்டம் போட்ட படங்கள், பிறகு அந்த மாடலுக்கான நல்ல லேம்ப் ஒன்று. லேம்ப் எதற்கு என்று நங்கநல்லூரில் நடந்ததைச் சொன்னால் புரியும்.

பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மெஷின். பூஜையறைக்கு எதிர்ப்பக்கம், சமையல்கட்டிலிருந்து தள்ளி, தனி அறையில் மாட்டியிருந்தார். கீழே யுபிஎஸ். பில், மேனுவல், ரிமோட்டின் பழைய கவர் வரை ஒரு ஃபைலில் இருந்தது.

"படம் புதுசு மாதிரியே இருக்கு தம்பி. சந்தேகமே வேண்டாம்."

"எங்கே புதுசு? அகல் விளக்கு எரியற மாதிரி இருக்கு," என்று அந்த வீட்டம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. 4,000 மணி நேர லேம்ப் என்று கம்பெனிக்காரன் சொன்னால், அத்தனை மணி நேரத்தில் வெளிச்சம் பாதியாகும் என்று அர்த்தம். அது ஒரே நாளில் குறைவதில்லை. தினம் பார்க்கிறவர் கண் அதற்குப் பழகிவிடும், எப்போதாவது எட்டிப் பார்க்கிறவர்தான் கண்டுபிடிப்பார். மீட்டரை எடுத்தேன். 100 அங்குலத் திரை என்றால் அகலம் 2.21 மீட்டர், உயரம் 1.25, பரப்பு சுமார் 2.76 சதுர மீட்டர். அறையை இருட்டாக்கி, முழு வெள்ளைப் படத்தைப் போட்டு, மூன்றுக்கு மூன்றாக ஒன்பது இடங்களில் அளந்து சராசரி எடுத்துப் பரப்பால் பெருக்கினால் லூமென்ஸ் கிடைக்கும். ஆன்சி லூமென்ஸ் என்று டப்பாவில் போடுவதும் இந்த ஒன்பது இடக் கணக்குத்தான். டப்பாவில் 2,000. என் கணக்கில் 800-க்குப் பக்கம். இருப்பதிலேயே பிரகாசமான மோடில் அளந்த கணக்கு அது. சினிமா மோடில் அளந்துவிட்டு விலையைக் குறைக்கிற ஆட்களும் தெருவில் உண்டு. அந்த மோடில் புது மெஷினே பல நேரம் பாதி வெளிச்சம்தான் கொடுக்கும்.

"அப்ப மெஷின் போச்சுங்கிறியா?"

"லேம்ப் போச்சா, உள்ளே கண்ணாடி போச்சான்னு பாத்துடலாம் சார்."

பழைய லேம்ப்பை ஆறவிட்டு, கழற்றி, என்னுடையதைப் போட்டேன். குவார்ட்ஸில் விரல் படாமல் போட வேண்டும், பட்டால் அந்த எண்ணெய்ப் பசை சூட்டில் கறையாகி அங்கேயே விரிசல் விடும். மெஷினை ஓட்டினால் 1,700-க்கு மேல் காட்டியது. உள்ளே எல்லாம் சுத்தம் என்று அர்த்தம். நான் மனதுக்குள் விலை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முழுப் பாட்டையும் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. அம்மாவும் வந்து நின்று பார்த்தார். கடைசியில் மெஷின் எனக்குக் கிடைக்கவில்லை, லேம்ப்பை மட்டும் விற்றுவிட்டு வந்தேன். இந்தத் தொழிலில் அதுவும் வியாபாரம்தான்.

லேம்ப்பில் ஏமாற்று அதிகம். அசல் கூண்டுக்குள் மலிவான குமிழை மாட்டி ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பார்கள். கூண்டின் திருகுத் தலைகள் சிராய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரியும். மலிவுக் குமிழ் இருபது நிமிடத்தில் லேசாகத் துடிக்க ஆரம்பிக்கும். விலை பேசும்போது என் கணக்கு எளிது. லேம்ப்பைக் கெட்டதாகவே வைத்துக்கொண்டு, அசல் லேம்ப்பின் இன்றைய விலையை முதலில் கழித்துவிடு. மிச்சத்துக்குத்தான் மெஷின். அசல் லேம்ப்பே இப்போது கிடைக்காத மாடல் என்றால் கழிக்க ஒன்றுமில்லை, பேசவும் ஒன்றுமில்லை. வெளிநாட்டு மெஷினில் பெயர் குழப்பும். அமெரிக்காவில் எப்சன் 'ஹோம் சினிமா 5050யூபி' என்று விற்றது மற்ற பல நாடுகளில் 'இஎச்-டிடபிள்யூ9400'. இரண்டுக்கும் ஒரே லேம்ப். இது தெரியாமல் நல்ல மெஷினை இங்கே ஸ்பேர் கிடைக்காது என்று கால் விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். வாங்கியவன் நானாக இருந்தால் சொல்லிவிட்டுத்தான் வாங்குவேன் என்று இங்கே எழுதிக்கொள்கிறேன், நம்புவது உங்கள் இஷ்டம்.

ஓட்டிக் காட்டுகிறவர்கள் எல்லோரும் பளிச்சென்ற பாட்டுக் காட்சியைத்தான் போடுவார்கள். வெளிநாட்டுப் புல்வெளி, மஞ்சள் சேலை. அதில் எந்த மெஷினும் அழகாகத்தான் தெரியும். நான் 'நாயகன்' கேட்பேன். 1987-ல் பி.சி. ஸ்ரீராம் அத்தனை இருட்டோடு எடுத்து, தேசிய விருதும் வாங்கிய படம். பாதி முகம் நிழலில் இருக்கிற அந்தக் காட்சிகளில் பேனல் தூசி, வெள்ளைப் புள்ளி, சாம்பல் கறுப்பு எல்லாம் ஒளிய இடமில்லாமல் வெளியே வந்துவிடும். பிறகு கட்டம் போட்ட படம். நான்கு மூலையும் ஒன்றாக ஃபோகஸ் ஆகிறதா, வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் சிவப்போ நீலமோ பிதுங்குகிறதா என்று பார்ப்பேன். பேச்சை நீட்டி ஒரு மணி நேரம் ஓடவிடுவேன். டிஎல்பி என்றால் உள்ளே சுழல்கிற கலர் வீல் சத்தத்துக்காக ஒருமுறை எல்லோரையும் வாயை மூடச் சொல்வேன். கீச்சென்று சன்னமாகக் கேட்டால் பேரிங் கிளம்புகிறது.

இனி வாங்குகிறவர் பக்கம். அவருக்கு மெஷினைவிட அறை முக்கியம். நம் ஊர் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. 100 அங்குலப் படத்தின் அகலம் ஏழேகால் அடி. மெஷினின் த்ரோ ரேஷியோவை அந்த அகலத்தால் பெருக்கினால் திரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் மாட்ட வேண்டும் என்று வந்துவிடும். ரேஷியோ 2 என்றிருக்கிற மெஷினை வாங்கினால் பதினான்கரை அடி வேண்டும், சுவரை இடித்துக்கொண்டு பக்கத்து வீட்டில்தான் மாட்ட வேண்டும். பென்க்யூ டபிள்யூ1070 இங்கே அத்தனை வீடுகளுக்குள் போனதற்குக் காரணம் அசல் 1080பி மட்டுமில்லை, 1.15 என்கிற ரேஷியோ. எட்டேகால் எட்டரை அடியில் 100 அங்குலம் விழும். அந்த மாடலைப் பழசாக நான் கொண்டுவந்தால் துடைத்து முடிப்பதற்குள் ஆள் வந்துவிடும்.

பள்ளிக்கூட ஸ்மார்ட் கிளாஸிலிருந்து கழித்துக் கட்டிய மெஷின்களை 'ஹோம் தியேட்டர்' என்று விற்பதும் நடக்கிறது. அவை 1024-க்கு 768, நான்குக்கு மூன்று என்ற சதுர வாட்டப் படம். சினிமா போட்டால் மேலும் கீழும் பட்டை விழும், சாக்பீஸ் தூள் உள்ளே இலவசம். 'ஃபுல் எச்டி சப்போர்ட்' என்ற வார்த்தையில் ஏமாறுகிறார்கள். சப்போர்ட் என்றால் உள்ளே வாங்கிக்கொள்ளும், சுருக்கித்தான் காட்டும். நேட்டிவ் ரெசல்யூஷன் எவ்வளவு என்று கேட்க வேண்டும். 9,000 லூமென்ஸ் என்று அட்டையில் அச்சடித்த கையடக்க எல்இடி டப்பாக்களைப் பற்றிக் கேட்டும் போன் வருகிறது. அவற்றை நான் தொடுவதில்லை.

2020-ல் தியேட்டர்கள் மூடியபோது என் அறையிலிருந்த பழசெல்லாம் நான் வைத்த விலைக்குப் போயின. 'பொன்மகள் வந்தாள்' மே மாதம் நேராக வீட்டுக்கே வந்த பிறகு இன்னும் வேகம். நவம்பர் 10-ல் தமிழ்நாட்டில் தியேட்டர்கள் திறந்தும் 'சூரரைப் போற்று' இரண்டு நாள் கழித்து ஓடிடியில்தான் வந்தது, அதற்கும் ஓர் அலை. பிறகு ஜனங்கள் வெளியே போகத் தொடங்கினார்கள். அந்த மெஷின்களே ஒவ்வொன்றாக என்னிடம் திரும்பி வந்தன, சில என் கையெழுத்துப் போட்ட ஸ்டிக்கரோடு. அவை எந்த வீட்டில் இருந்தன என்று எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் நேரில் போகிற வேலை மிச்சம்.

விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மெஷினை எடுத்துப்போகும்போது லேம்ப்பைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி, பஸ்ஸானாலும் காரானாலும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கூரை மவுண்ட்டையும் அதன் திருகுகளையும் மெஷினோடு கொடுங்கள், உங்களுக்கு அது இரும்பு, வாங்குகிறவருக்கு அது அரை நாள் அலைச்சல். ரிமோட் தொலைந்துவிட்டால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில மாடல்களில் ரிமோட் இல்லாமல் பாதி மெனுவுக்குள் போகவே முடியாது.

இப்போது லேசர் பழசும் வர ஆரம்பித்துவிட்டது. 20,000 மணி நேரம் என்கிறார்கள், கரண்ட் போனாலும் லேம்ப் மாதிரி வேகாது, உடனே அணைத்து உடனே போடலாம். வாங்குகிறவர்கள் குஷியாக இருக்கிறார்கள். எனக்கு இதில் இன்னும் கை வரவில்லை. லேம்ப் கெட்டால் மாற்றிக் காட்டலாம், லேசர் எஞ்சின் மங்கினால் மாற்றுகிற செலவில் வேறு மெஷினே வாங்கிவிடலாம். பையில் நல்ல லேசர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுப் பார்க்கவும் முடியாது. பில்லும் மிச்ச வாரன்டியும் இருந்தால் மட்டும் எடுக்கிறேன், லக்ஸ் மீட்டரில் டப்பாவில் போட்ட லூமென்ஸின் 80 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் எடுப்பதில்லை. மற்றபடி சமையல்கட்டு எந்தப் பக்கம் என்று கேட்பதை நிறுத்தவில்லை. லேசருக்கும் விசிறி உண்டு.